படம் பார்த்தே ஜெர்மன் வருமா? களியக்காவிளையிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேள்வி இது: "அக்கா, நான் களியக்காவிளை. பி.எஸ்ஸி நர்ஸிங் முடிச்சாச்சு. ஜெர்மனி போக பி2 வேணும்னு சொல்றாங்க. மலையாளம் நான் எந்த கிளாஸுக்கும் போய்ப் படிக்கல, டிவியும் சினிமாவும் பாத்தே வந்துச்சு. அதே மாதிரி ஜெர்மன் படம், சீரியல், யூடியூப் பாத்து பி2 எட்ட முடியாதா? கிளாஸ் காசாவது மிச்சமாகும். சப்டைட்டில் இங்கிலீஷ்ல வைக்கணுமா, ஜெர்மன்லயா?"

படம் மட்டும் பார்த்து பி2 வராது மக்ளே. (மொழித்தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படியாகப் பிரிப்பார்கள், பி2 அதில் நான்காவது.) அதே நேரம், படமே பார்க்காமல் புத்தகத்தை மட்டும் நெட்டுருப் போட்டு விமானம் ஏறியவர்கள் வார்டில் முழிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஸ்டுட்கார்ட் பக்கம் சில வருஷம் நர்ஸாக வேலை பார்த்தேன், இப்போது மார்த்தாண்டத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். உன் கேள்வி ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது கேட்பதுதான். மதுரை, திருச்சிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் கேட்பதில்லை, கேரள எல்லையை ஒட்டிய நம் ஊர்ப் பிள்ளைகள்தான் கேட்கிறார்கள். நமக்கு மலையாளம் வந்த விதம் அப்படி நம்ப வைக்கிறது. ஆகவே மலையாளத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

படம் பார்த்துத்தான் மலையாளம் வந்தது என்கிறாய். டிவியைப் போடும் முன்பே அதில் பெரும்பகுதி உனக்குத் தெரியும். வினை கடைசியில் வரும் வாக்கிய அமைப்பு நம்முடையதேதான். கை, கண், வீடு, மழை, மரம், பால் என்று வீட்டுக்குள் புழங்கும் சொற்கள் கொஞ்சம் உச்சரிப்பு மாறி அப்படியே இருக்கின்றன. போதாததற்கு நம் விளவங்கோட்டுத் தமிழே அந்தப் பக்கம் பாதி தூரம் நடந்துவிட்ட தமிழ். சென்னைக்காரர் ஒருவர் நம் வீட்டு முற்றத்தில் நின்றால், "மலையாளமா பேசுறீங்க?" என்றுதான் கேட்பார். பாறசாலைச் சந்தை, நெய்யாற்றின்கரை பஸ், திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஓ.பி. வரிசை, எல்லை தாண்டிக் கட்டிக்கொடுத்த அத்தை வீடு, இப்படி எத்தனை இடங்களில் உயிருள்ள ஆட்கள் உன்னிடம் மலையாளத்தில் கேட்டு, நீ பதில் சொல்லும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்! 1985இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது, 1993இல் ஏஷியாநெட் வந்தது. நம் வீடுகளில் மலையாளம் நாள்முழுக்க ஒலித்தது அதற்குப் பிறகுதான், உண்மை. ஆனால் அது முளைவிட்ட பயிருக்குக் கிடைத்த மழை. ஜெர்மனில் உனக்கு விதையே இன்னும் ஊன்றவில்லை.

அந்த மலையாளமும் முழுசாக வந்ததா என்று பார். 1956 நவம்பர் 1 வரைக்கும் விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. அந்தக் காலத்தில் மலையாளப் பள்ளிக்கூடம் போன தாத்தா பாட்டிமார் பத்திரிகை வாசிப்பார்கள், கடிதம் எழுதுவார்கள். அவர்களைவிடப் பல மடங்கு மலையாளப் படம் பார்த்த பேரப்பிள்ளைகளுக்கு, கேரள அரசு பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டக்கூட வராது. உனக்கு வருமா? பேசும்போதும் நமக்குத் தமிழ் விகுதி வந்து ஒட்டிக்கொள்ளும். மலையாள வினைக்கு ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. ஞான் போயி, நீ போயி, அவன் போயி, எல்லாம் ஒன்றுதான். நாம் "ஞான் போயேன்" என்போம். கடைக்காரச் சேச்சிக்கு அர்த்தம் புரிந்துவிடும், ஆகவே திருத்த மாட்டார். நாமும் அறுபது வயது வரை அப்படியே சொல்லிக்கொண்டிருப்போம்.

கேட்டால் புரியும், பேசினால் சமாளிக்கலாம், எழுதத் தெரியாது, இலக்கணத்தில் ஓட்டை. படம் மட்டும் பார்த்து வந்த மொழி நின்றுபோகும் இடம் இதுதான். பி2 தேர்வு குறிவைத்துக் கேட்பது அந்த ஓட்டையை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளை முழுக்க முழுக்கப் பிரெஞ்சு வழியிலேயே படிக்க வைக்கும் பள்ளிகள் 1960களில் தொடங்கின. ஆண்டுக்கணக்கில் காதில் பிரெஞ்சு விழுந்த அந்தப் பிள்ளைகள், கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு அருகே வந்துவிட்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் வினைத் திரிபும் பால் வேறுபாடும் தவறிக்கொண்டே இருந்தன. அவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் ஒரு விளக்கம் வைத்தார். கேட்கும்போது அர்த்தம் பிடிபட்டால் போதும், வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று மூளை கவனிப்பதில்லை. நாமே ஒன்றைச் சொல்ல முயன்று வாய் தடுமாறும்போதுதான் எது தெரியவில்லை என்பது தெரிகிறது. நம் "ஞான் போயேன்" கதையும் இதுவே.

யூடியூபில் "இலக்கணமே வேண்டாம், படம் பார், மொழி தானாக வரும்" என்று பேசுபவர்கள் பெரும்பாலும் ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளரைத் துணைக்கு இழுப்பார்கள். புரியக்கூடிய பேச்சை நிறையக் கேட்பதுதான் மொழி வருவதற்கான வழி என்று அவர் 1980களில் எழுதியது உண்மை. ஆனால் கேட்பது உன் நிலைக்கு ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். இவர்கள் பிள்ளைகளைப் பத்துப் படி மேலே உட்கார வைத்துவிட்டு அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

படி எவ்வளவு உயரம் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற இருவர் 318 ஆங்கிலப் படங்களின் வசனத்தை எடுத்து எண்ணிப்பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். வசனத்தில் 95 சதவீதச் சொற்கள் தெரிய வேண்டுமானால் சுமார் 3000 சொற்குடும்பங்கள் தேவை. ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்து ஒரு குடும்பம் என்று கணக்கு. 98 சதவீதத்துக்கு அது 6000ஐத் தொடுகிறது. 95 சதவீதம் என்பதும் பெரிய சொகுசு இல்லை, இருபது சொல்லுக்கு ஒன்று இடிக்கும். நிமிஷத்துக்கு 120 சொல் பேசினாலே ஆறு இடம் தட்டும்.

இப்போது உன் பக்கம் பார். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனம் அவற்றுக்காக வெளியிடும் சொற்பட்டியலில் ஏ1க்கு ஏறத்தாழ 650 சொல், ஏ2க்கு 1300, பி1க்கு 2400. ஆங்கிலக் கணக்கை அப்படியே ஜெர்மனுக்குப் பொருத்த முடியாது என்றாலும் எவ்வளவு தூரம் என்பது புரியும். 650 சொல்லோடு இரண்டு மணி நேர ஜெர்மன் படத்தின் முன் உட்கார்ந்தால் காதில் விழுவது சத்தம், கண்ணில் விழுவது கதை. கதையைப் படம் சொல்லிவிடுவதால் "எனக்குப் புரிந்தது" என்று தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு அதே காட்சியை ஒருமுறை கேட்டுப்பார், எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். கொரியன் சீரியல் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு 'அண்ணா', 'நன்றி', 'உன்னைக் காதலிக்கிறேன்' எல்லாம் கொரியனில் வரும், சியோலில் இறங்கி ஒரு டாக்ஸி பிடிக்கச் சொன்னால் வராது. அதை நான் கேலி செய்யவில்லை. காதுக்கு அந்த மொழியின் தாளம் பழகியிருக்கும், பின்னால் முறையாகப் படிக்க வந்தால் அது உதவும்.

ஜெர்மனில் படம் உனக்குக் கற்றுத்தராத ஒன்று இருக்கிறது. தேர்வில் மதிப்பெண்ணை அரிப்பதும் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஒன்று முன்னால் நிற்கும், வேற்றுமைக்குத் தக்கபடி அது மாறும். 'ஒரு' என்பதற்கு ஒரு இடத்தில் ஐனென், இன்னொரு இடத்தில் ஐனெம். புத்தகத்தில் பளிச்சென்று இருக்கும் இந்த வேறுபாடு பேச்சில் தேய்ந்துவிடும். ஐனென் வெறும் 'நென்' ஆகும், ஐனெம் 'நெம்' ஆகும். வேகமாகப் பேசும் நடிகர் வாயில் இரண்டும் மூக்கொலியாக முடிந்துபோகும். 'இருக்கிறது' என்னும் இஸ்ட் 'இஸ்' ஆகும், 'இல்லை' என்னும் நிஷ்ட் 'நிஷ்' ஆகும். ஹாபென் வீர் ('நம்மிடம் இருக்கிறது') என்று நீ வகுப்பில் படித்தது தெருவில் 'ஹம்மா' ஆகியிருக்கும். ஜெர்மன்காரர் காதுக்கு இந்தத் தேய்வு தொல்லையே இல்லை, விடுபட்டதை அவர் மூளை நிரப்பிக்கொள்ளும். உன் மூளையில் நிரப்புவதற்குச் சரக்கு வேண்டுமே. அந்தச் சரக்கு வகுப்பிலிருந்தோ இலக்கணப் புத்தகத்திலிருந்தோதான் வர வேண்டும். அது வந்த பிறகு படம் பார்த்தால் தேய்ந்த ஒலிக்குள்ளும் முழுச் சொல் கேட்கும். எது முன்னால், எது பின்னால் என்பதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பது அதனால்தான்.

நமக்கு ஒரு சாதகமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. ஜெர்மனில் துணை வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போய்விடும். சில வினைகள் இரண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு முன்னாலும் மறு துண்டு வாக்கியத்தின் வாலிலும் நிற்கும். 'இல்லை', 'வேண்டாம்' என்ற மறுப்பும் பல நேரம் கடைசியில்தான் வரும். இந்த மருந்தை இவருக்கு இன்று கொடுக்க... என்று வந்து இறுதியில் 'நிஷ்ட்' விழும். ஆங்கிலமே தாய்மொழியானவர்கள் இதைப் பெரும் சித்திரவதை என்பார்கள். "கொடுக்காதே" என்று கடைசி எழுத்துகளில் அர்த்தத்தைத் திருப்பும் மொழியில் வளர்ந்த நமக்குக் கடைசி வரை காத்திருந்து கேட்பது ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் நாமெல்லாம் ஜெர்மனை ஆங்கிலப் புத்தகம் வழியாகப் படிக்கிறோம், ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கிறோம். கையில் இருக்கும் சாதகத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு அழுகிறோம்.

இனி நீ கேட்ட சப்டைட்டில்.

ஜெர்மன் பேச்சுக்கு ஜெர்மன் எழுத்து. ஆங்கிலம் வேண்டாம், தமிழ் இருந்தால் அதுவும் வேண்டாம். ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்குவீன் என்ற ஆய்வாளர்கள் 2009இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த டச்சு மாணவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புப் பேச்சைக் காட்டினார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பிடிபட்டது, அதே ஆட்கள் பேசிய புது வாக்கியங்களையும் நன்றாகப் பிடித்தார்கள். டச்சு எழுத்தோடு பார்த்தவர்களுக்குப் புது வாக்கியங்களில் அது இடைஞ்சலாகவே முடிந்தது. தாய்மொழியில் வரி ஓடினால் கண் அர்த்தத்தை எடுத்துக்கொள்ளும், காது ஓய்வெடுக்கும். நம் நாட்டிலேயே இதைப் போன்ற ஒரு யோசனை உண்டு: பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரியையும் ஓடவிட்டால் வாசிக்கத் தடுமாறுபவர்களுக்கு எழுத்து பழகும் என்று அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பிரிஜ் கோத்தாரி 1996இல் யோசித்து, பின்னால் தூர்தர்ஷன் திரைப்பாட்டு நிகழ்ச்சிகளில் அது நடைமுறைக்கும் வந்தது. அவர் நோக்கம் எழுத்தறிவு, உன் நோக்கம் வேறு. ஆனால் காதில் விழும் ஒலியும் கண்ணில் படும் எழுத்தும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

அந்தப் பொருத்தத்தில்தான் ஒரு பொறி இருக்கிறது. ஜெர்மனி டப்பிங் நாடு. நெதர்லாந்தும் ஸ்காண்டிநேவிய நாடுகளும் வெளிநாட்டுப் படத்தை மூல ஒலியோடு, கீழே எழுத்தோடு பார்க்கும். ஜெர்மனியில் ஹாலிவுட் படம் முழுக்க ஜெர்மன் பேசும். ஓ.டி.டி.யில் உனக்குப் பழகிய ஆங்கிலப் படத்தை ஜெர்மன் ஒலியில் வைத்து ஜெர்மன் சப்டைட்டிலையும் போட்டாயானால் இரண்டும் இரண்டு வசனமாக ஓடும். டப்பிங் வசனம் உதட்டசைவுக்கு ஏற்ப ஒருவர் எழுதியது, சப்டைட்டில் இடம் பார்த்துச் சுருக்கி வேறொருவர் எழுதியது. பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்காமல், தங்கள் காதுதான் கெட்டுவிட்டது என்று மனம் உடைந்து வருவார்கள். உன் காதுக்கு ஒன்றுமில்லை. ஜெர்மனிலேயே எடுத்த தொடராகத் தேர்ந்தெடு, சப்டைட்டில் பட்டியலில் 'சி.சி.' என்று குறித்ததை எடு. காது கேளாதோருக்காகச் செய்யும் எழுத்து என்பதால் பேச்சை ஒட்டி வரும், அதிலும் அங்கங்கே சுருக்கியிருப்பார்கள். யூடியூப் தானாகப் போடும் எழுத்தை ஏ1, ஏ2 நிலையில் நம்பாதே. ஊர்ப்பெயர், மருந்துப்பெயர், நீளக் கூட்டுச்சொல் வந்தால் அது உளறும், உளறலைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு உனக்கு இன்னும் மொழி வந்திருக்காது.

என்ன பார்ப்பது? ஏ1 முடியும்வரை படமே வேண்டாம். அந்த நேரத்துக்கு, ஜெர்மனியின் சர்வதேச ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே இலவசமாக வைத்திருக்கும் 'நிக்கோஸ் வேக்' என்ற காணொலிப் பாடம் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கும் பையன் விமான நிலையத்தில் பையைத் தொலைப்பதில் தொடங்கி, ஏ1 முதல் பி1 வரை ஒரே கதையாகப் போகும். நடிப்பு சுமார்தான். ஆனால் ஒவ்வொரு துண்டும் உன் நிலைக்கு அளந்து எழுதியது, பயிற்சியும் கூடவே வரும். ஏ2 வந்ததும் 'ஈஸி ஜெர்மன்' சேனலில் தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேட்டி எடுப்பார்கள். எழுதிவைத்த வசனம் இல்லை, திக்கல், இழுப்பு, 'ம்ம்', 'ஆமா' எல்லாம் வரும். திரையில் ஜெர்மனும் ஆங்கிலமும் இரண்டு வரியாக இருக்கும், ஆங்கில வரியை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டுப் பார். ஆரஞ்சு நிற எலி வரும் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்று 1971 முதல் அங்கே ஓடுகிறது, ஒரு பொருள் எப்படிச் செய்யப்படுகிறது என்று ஒருவர் நிதானமாகச் சொல்லுவார். குழந்தைகளுக்கானது என்பதால் ஏ1க்கு எளிது என்று நினைத்துவிடாதே, ஏழு வயது ஜெர்மன் குழந்தைக்கு உன்னைவிடப் பல மடங்கு சொல் தெரியும். பி1 பக்கம் வரும்போது எடுத்துக்கொள்.

அதைவிட எனக்குப் பிடித்தது சமையல், தையல், சைக்கிள் பழுது பார்க்கும் காணொலிகள். கை செய்வதை வாய் சொல்கிறது. வெட்டு, ஊற்று, திருப்பு, கழற்று, அழுத்து என்ற வினைகள் வேறெங்கும் இவ்வளவு தெளிவாக மனதில் ஒட்டாது. நர்ஸுக்கு வேண்டியது இந்த வினைகள்தான்: திரும்பிப் படுங்கள், கையை நீட்டுங்கள், மூச்சை இழுங்கள்.

டாய்ச்சே வெல்லே மெதுவாக வாசித்துத் தரும் செய்தியும் உண்டு, எழுத்து வடிவத்தோடு. வேகம் குறைவு என்பதால் ஆரம்ப நிலைக்காரர்கள் பலர் அதில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். சொற்கள் முழு நாடாளுமன்றச் சொற்கள், பி2 தொட்ட பிறகே பயன்படும்.

ஆஸ்பத்திரி சீரியல் பார்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். லைப்சிக் நகரத்தில் ஒரு கற்பனை மருத்துவமனையை வைத்து ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியில் 1998 முதல் ஓடும் 'இன் ஆலர் ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட்' இருக்கிறது. பி1க்குப் பிறகு பார். டாக்டர்களின் காதலும் குடும்பச் சண்டையும்தான் அதிகம், ஷிஃப்ட் மாறும்போது நர்ஸ் கொடுக்கும் அறிக்கை அங்கே கிடைக்காது. ஆனால் நோயாளியின் உறவினரிடம் எப்படிப் பேசுவது, மூத்த டாக்டரிடம் எவ்வளவு மரியாதை காட்டுவது, எங்கே 'டூ' (நீ), எங்கே 'ஸீ' (நீங்கள்) என்பதெல்லாம் பாடப்புத்தகத்தைவிட அதில் நன்றாகத் தெரியும். நம்மில் அண்ணன், அக்கா, சார் என்று உறவு சொல்லி மரியாதையைக் காட்டுகிறோம். அங்கே அந்த வேலையையெல்லாம் ஒற்றை 'ஸீ' செய்கிறது, வயதான நோயாளியிடம் அது தவறினால் முகம் சுருங்கிவிடும்.

எப்படிப் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சோபாவில் சாய்ந்து பார்ப்பது பொழுதுபோக்கு, அதற்கும் ஒரு நேரம் வைத்துக்கொள், குற்ற உணர்ச்சி வேண்டாம். படிப்பதற்கு எடுப்பது இரண்டு நிமிஷத் துண்டு, அதற்கு மேல் வேண்டாம். முதலில் எழுத்தில்லாமல் ஓடவிட்டு யார், எங்கே, எதற்குக் கோபப்படுகிறார் என்று மட்டும் பிடி. பிறகு ஜெர்மன் எழுத்தோடு நிறுத்தி நிறுத்திப் பார். எல்லாச் சொல்லையும் அகராதியில் தேடாதே. துண்டில் திரும்பத் திரும்ப வருவதையும், அது தெரியாமல் காட்சி நகராது என்பதையும் மட்டும் தேடு, அதையும் தனிச்சொல்லாக எழுதாமல் வசனத்தோடு நோட்டில் எழுது. பிறகு நான்கைந்து வசனத்தைக் காதால் கேட்டுக் கையால் எழுது. எழுத்தை மறைத்துவிட்டு எழுத வேண்டும். மேலே சொன்ன 'நென்', 'நெம்' எல்லாம் இங்கேதான் வசமாக மாட்டும். நீ 'ஐனென்' என்று எழுதியிருப்பாய், திரையில் 'ஐனெம்' இருக்கும். ஏன் என்று இலக்கணப் புத்தகத்தைத் திறப்பாய். அப்படித் திறந்து பார்த்த விதி மறக்காது.

கடைசியாக நடிகர் பேசும்போதே ஒரு அரை வினாடி பின்னால் நீயும் சேர்ந்து பேசு. நிழல் மாதிரி ஒட்டிப் பேசுவது என்பதால் ஆங்கிலத்தில் ஷேடோயிங் என்பார்கள். கூச்சமாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போ. நன்றாகப் பழகிய பிறகு ஒலியை அணைத்துவிட்டு நீயே டப்பிங் கொடு. வசனம் மறந்துபோன இடத்தில் சொந்தமாகச் சொல்லி ஒப்பேற்று. ஸ்வெய்ன் சொன்ன அந்தத் தடுமாற்றம் உனக்குக் கிடைப்பது இங்கேதான், படம் பார்ப்பது பேச்சுப் பயிற்சியாக மாறுவதும் இங்கேதான். அதே துண்டை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் கேள். நாகர்கோவில் பஸ்ஸில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டால் அதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்க்காதது எவ்வளவு வேகமாக மறக்கும் என்று எபிங்ஹவுஸ் என்ற உளவியலாளர் 1885லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். அவர் ஜெர்மன்காரர், கூடுதல் மரியாதைக்கு அதுவும் காரணம்.

இவ்வளவு செய்தாலும் ஆள் வேண்டும். பட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை 2003இல் வெளிவந்தது. சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து விளையாடி, கதை வாசித்த குழந்தைகளுக்கு அந்த மொழியின் ஒலி வேறுபாடுகள் பிடிபட்டன. அதே ஆட்களை அதே அளவு நேரம் டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெரியவர்கள் குழந்தைகள் இல்லை, நமக்கு வாசிக்கத் தெரியும், காட்சியை நிறுத்தத் தெரியும். இருந்தாலும், எதிரே ஒரு ஆள் பதிலுக்குக் காத்திருக்கும்போது மூளை விழிக்கும் விதமே தனி. வார்டில் அதைத் தினமும் பார்க்கலாம். சீரியல் பார்த்து வந்த பிள்ளைகள் ஓய்வறை டிவியைப் பார்த்து எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார்கள். வார்டு போன் அடித்தால் யாரும் எடுக்க வரமாட்டார்கள். போனில் முகமில்லை, எழுத்தில்லை, திருப்பிப் போட முடியாது, மறுமுனையில் லேப்பிலிருந்து ஒருவர் ரத்தப் பரிசோதனை எண்களைக் கடகடவென்று சொல்லுவார். ஜெர்மனில் இருபத்தேழை 'ஏழும் இருபதும்' என்று சொல்லுவார்கள், எழுதும் கை தடுமாறும்.

ஆகவே உன்னோடு படிக்கும் இரண்டு பேரைப் பிடி. தினமும் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் ஒரு நிமிஷக் குரல் செய்தி அனுப்புங்கள். படுக்கை எண், நோயாளி பெயர், ரத்த அழுத்தம், காலையில் கொடுத்த மருந்து, இரவில் நடந்தது. கேட்டவர் அதை எழுதிப் படம்பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எண் தப்பினால் பிடிபட்டுவிடும். ஆனால் நீங்கள் மூன்று பேரும் ஒரே தவற்றைச் செய்தால் யாருக்கும் தெரியாது, நம் சேச்சி கதைதான். அதற்காகவே வகுப்பு. காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறாய், நியாயம்தான். அப்படியென்றால் வகுப்பை விடாதே, வகுப்பைத் தேர்ந்தெடு. ஏ1, ஏ2வில் அடித்தளத்துக்கும், பி2வில் எழுத்தும் பேச்சும் திருத்துவதற்கும் ஆசிரியர் கட்டாயம். நடுவில் பி1 காலத்தில், கேட்கும் பயிற்சி முழுவதையும் இந்தக் காணொலி முறையில் நீயே செய்துகொள்ளலாம். "சினிமா பார்த்து மூன்றே மாதத்தில் பி2" என்று போஸ்டர் ஒட்டும் இடத்துக்குப் பணம் கட்டாதே, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோத்தே பி2வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுக்க வேண்டும். தனித்தனியாகவும் எழுதலாம். படம் பார்த்து உழைத்தது நேரடியாகக் கைகொடுப்பது கேட்டலில். அங்கே சில பதிவுகளை ஒரே தடவைதான் போடுவார்கள், திருப்பிப் போடச் சொல்ல முடியாது. ஆகவே கடைசி இரண்டு மாதம் புதுத் துண்டுகளை ஒரே ஒருமுறை கேட்டு, என்ன பிடித்தாயோ அதை வைத்து விடை எழுதிப் பழகு. பழைய துண்டில் கிடைக்கும் வெற்றி உன்னை ஏமாற்றும். டெல்க் நிறுவனம் நர்ஸிங் வேலைக்கென்றே பி1-பி2 தேர்வு ஒன்றை வைத்திருக்கிறது, உன்னை எடுக்கும் இடம் அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டு முடிவு செய். தேர்வுக்காகச் சென்னை வரை போக வேண்டாம். திருவனந்தபுரத்திலேயே கோத்தே சென்ட்ரம் இருக்கிறது, களியக்காவிளையிலிருந்து காலை பஸ்ஸில் போய் மாலை திரும்பலாம்.

எந்த மாநிலத்துக்குப் போகிறாய் என்று ஒப்பந்தம் வந்ததும் பார்ப்பதை மாற்று. நீ இதுவரை கேட்டதெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்துப் பொதுமொழி. பவேரியாவிலோ ஸ்வாபியன் கிராமத்திலோ எண்பது வயதுப் பாட்டி அதைப் பேச மாட்டார். தமிழ்ப் படம் பார்த்துத் தமிழ் படித்த ஒருவரை நம் பக்கத்து அருமனை ஊரில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். பவேரியா என்றால் பி.ஆர்., ஸ்டுட்கார்ட் பக்கம் என்றால் எஸ்.டபிள்யூ.ஆர்., ஹாம்பர்க் பக்கம் என்றால் என்.டி.ஆர். என்று அந்தந்தப் பகுதிப் பொது ஒலிபரப்பின் இணையத்தளத்தில் கிராமத்து நிகழ்ச்சிகள் கிடைக்கும், சில இந்தியாவில் திறக்காது, திறப்பதைப் பார். மாடு வளர்ப்பவர், ரொட்டி சுடுபவர், வயதானவர்கள் பேசும் நிகழ்ச்சியாகத் தேடு. உன் வார்டில் கட்டிலில் இருக்கப்போவது அவர்கள்தான்.